மிரளாத யானை

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் ஒருவர், கென்யாவுக்கு சஃபாரி போக வேண்டும் என்று வந்தார். அறுபது வயதிருக்கும். சலவை வேட்டி, வெயிலில் கறுத்த கழுத்து. எதையும் கிசுகிசுத்துத்தான் பேசுவார். இரண்டு முறை கேட்டால்தான் புரியும்.

எந்த மாதம் மழை இருக்காது, எத்தனை நாள் தங்கலாம் என்று சொல்லிக்கொண்டே சிங்கம், சிறுத்தைப் படங்களைக் காட்டினேன். பார்க்காமலே தள்ளினார். "யானை மட்டும் போதுமுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யானை பாக்க அம்புட்டு தூரம் போகணுமா ஐயா? ஒங்க தோப்புக்கே வருதுல்ல?"

"வருதுங்க. போன வருசமும் வந்துச்சு. விரட்டுறதுக்கு நாந்தான் வெடியைக் கொளுத்திப் போட்டேன். அது மிரண்டு ஓடுன வழியில எம் பொண்டாட்டி நின்னா. மிதிச்சிருச்சுங்க."

சிரித்த வாயை எப்படி மூடுவதென்று தெரியவில்லை.

"மிரளாத யானை எப்படி இருக்கும்னு ஒருக்கா பாத்துரணுமுங்க" என்றார், அதே குரலில்.

போய்த் திரும்பியதும் அலுவலகத்துக்கு வந்தார். "வண்டிக்குப் பக்கத்துலயே நின்னு புல்லு தின்னுச்சுங்க. எங்களைத் திரும்பிக்கூடப் பாக்கல" என்று சொன்னவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைக்கத்தான் என்னால் முடிந்தது. அந்த அழுகை எதற்கு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.