யானெக் மாமாவின் மடி

என் குடும்பத்தில் கெட்டவர்கள் யாரும் கிடையாது. பிச்சைக்கு வந்தவனுக்குச் சூடாகச் சோறு போடுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவர்கள். அப்படிப்பட்டவர்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசி, நல்லது செய்கிறோம் என்றே நினைத்து, என் சித்திக்கு ஒரு காரியம் செய்தார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

சித்தி போலந்து தேசத்துக்காரி. கும்மிடிப்பூண்டியில் போலந்துக்காரி எப்படி வந்தாள் என்று கேட்காதவர்கள் இல்லை. யுத்த காலத்தில் அந்த தேசத்து அகதிகளுக்குக் கோலாப்பூர் பக்கத்தில் ஒரு முகாம் போட்டிருந்தார்கள். என் நைனாவின் தம்பி, மிஷன் பள்ளியில் படித்துக் கம்பவுண்டரானவர், அந்த முகாம் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போனார். யுத்தம் முடிந்து முகாமைக் கலைத்தபோது ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு பெண்டாட்டியோடும் ஊருக்குத் திரும்பினார். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன அதே நேரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு வெள்ளைக்காரி வந்து இறங்கினாள். ஊர் சிரித்தது. தொரசாணி என்று பேர் வைத்தது.

தொரசாணி ஆறே மாதத்தில் அம்மியில் மிளகாய் அரைத்தாள். தமிழை அம்மாவிடமும், பழவேற்காட்டிலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரிகளிடமும் கற்றுக்கொண்டாள். அதனால் அவளுக்கு வந்தது எங்கள் ஊர்த் தமிழ்தான். "இன்னாம்மே, நேத்து மீன எடுத்தாந்து இன்னிக்கி மீனுன்றியே, என் மூக்கு இன்னா அவிஞ்சா பூட்ச்சி?" என்று அவள் கேட்டபோது மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்ததை நானே பார்த்திருக்கிறேன். லத்தீன் ஜெபங்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அந்த விஷயத்தில் மட்டும், மாதா கோயில் உபதேசியாரான என் பெரியப்பாவுக்கு அவள்மேல் கொஞ்சம் மரியாதை இருந்தது.

அவளுக்கென்று இருந்த ஒரே உறவு ஒரு தம்பி. யானெக் என்று பெயர். நாங்கள் பிள்ளைகள் அதை யானை மாமா ஆக்கிவிட்டோம், அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. யுத்தம் தொடங்கியதும் ருஷியச் சிப்பாய்கள் அப்பனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், மற்றவர்களை ருஷியாவுக்கு நாடு கடத்தினார்கள். அம்மா ருஷியப் பனியில் செத்துப்போனாள். மிஞ்சிய அக்காவும் தம்பியும் சரக்கு ரயிலில் தெற்கே வந்துகொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு ஸ்டேஷனில் வெந்நீர் கொடுக்கிறார்கள் என்று தம்பி தூக்குப் பாத்திரத்தோடு இறங்கினான். ரயில் புறப்பட்டுவிட்டது. அவனுக்குப் பத்து வயசு. அவ்வளவுதான் சித்திக்குத் தெரியும். அந்த ஸ்டேஷனின் பெயர்கூடத் தெரியாது.

அவனைத் தேட அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். சித்தப்பா மருந்து சுற்றுவதற்காகக் கொண்டுவரும் இரண்டு நாள் பழைய இங்கிலீஷ் பேப்பரில் மதராஸ் துறைமுகத்துக்கு இனி எந்தெந்தக் கப்பல் எந்தத் தேதியில் வருகிறது என்று போட்டிருக்கும். போலந்துக் கப்பல் வருகிறது என்று கண்டால் அன்றைக்கு அடுப்பு மூட்டுவது அம்மாவின் பாடு. சித்தி காலை ரயிலைப் பிடித்துவிடுவாள். துறைமுக வாசலில் நின்று, வெளியே வருகிற ஒவ்வொரு மாலுமியையும் நிறுத்தி, தன் ஊரையும் அப்பன் பெயரையும் தம்பி பெயரையும் சொல்லிக் கேட்பாள். அவர்கள் ஊருக்குப் போய் விசாரித்து, அடுத்த தடவை கப்பல் வரும்போது பதில் சொல்ல வேண்டும். இப்படி ஒரு கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் எங்கள் ஊரில் ஒரு போகம் அறுத்துவிடுவார்கள்.

ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வெயிலில் நின்று எனக்குக் கால் கடுத்தது. முக்கால்வாசிப் பேர் தெரியாது என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்த ஒரு கிழவர், கப்பலில் சமையல்காரராம், அவள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். நின்று கேட்டார். நிறையக் கேள்வி கேட்டார். திரும்பி வரும்போது நிச்சயம் சேதி கொண்டு வருவேன் என்று சொன்னாராம். சித்தி நடுத்தெருவில் அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். எனக்கு மானம் போயிற்று. யாராவது கும்மிடிப்பூண்டிக்காரர்கள் பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன்.

இனி வம்பு தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். சித்திக்கு ஒரு மகள் பிறந்தாள். எங்களில் குழந்தைக்குத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. கம்மல் போடுவதும் மாமன்தான். இதை அம்மாதான் சித்திக்கு விளக்கிச் சொன்னாள். பெருமையாகவே சொன்னாள். பெற்ற அப்பன் மடிகூட ஆகாது, மாமன் மடிதான் வேண்டும் என்று அழுத்தியே சொன்னாள். எங்களுக்கெல்லாம் அது பழகிப்போன பேச்சு. மாமன் இல்லாத குழந்தைக்கு மாமன் முறையில் ஒருத்தரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். சித்தி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

"அப்போ யானெக் வரட்டும்" என்றாள்.

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு இரண்டு வருஷம் தாங்கியது. குழந்தைக்கு மூன்று வயசாகி, நாலாகி, ஐந்தும் ஆனபோது யாரும் சிரிக்கவில்லை. ஊரெல்லாம் 'மூளிக்காது' என்று அந்தக் குழந்தையைக் கூப்பிட்டது. "ஒப்புக்கு ஒருத்தர ஒக்கார வச்சிக்கலாம்மா" என்று யார் சொன்னாலும் சித்தி ஒரே பதில்தான் சொல்வாள். "இருக்கறவன் இருக்கறப்போ ஒப்புக்கு எதுக்கு?"

அந்த வருஷம் பெரியப்பா மகளைப் பெண் பார்க்கப் பொன்னேரியிலிருந்து வந்தார்கள். காப்பி குடித்து, எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா வாசலில் விளையாடிய சித்தி மகள் சின்னவளைப் பார்த்துவிட்டாள்.

"கொழந்த காது ஏன் மூளியா கீது? அதுக்கு மாமன் ஊடு இல்லியா?"

பெரியப்பாவால் வாய் திறக்க முடியவில்லை. வந்தவர்கள் போனபிறகு திறந்தார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பெரியவர்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். சித்தி கிணற்றடியில் இருந்தாள்.

"செத்துப் பூட்டவனுக்காவ எத்தினி வருசம் காத்துகினு இருக்கறது?" என்றார் பெரியப்பா. "அவளுக்குப் புத்தி பேதலிச்சா நமக்குமா? அவ கப்பல் பாக்கப் போற அன்னிக்கி முடிச்சிடணும். திரும்பி வந்து பாத்தா மனசு ஆறிப்பூடும்."

அவன் செத்துப்போனான் என்று இவருக்கு எந்தத் தேவதூதன் வந்து சொன்னான்? கேட்க ஒருத்தருக்கும் நாக்கு இல்லை. சித்தப்பா அங்கேதான் இருந்தார். ஊர்பேர் தெரியாத தேசத்தில் எல்லாவற்றையும் இழந்துவிட்டு இவர் ஒருத்தரை நம்பி வந்தவள் அவள். இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு சரி என்று தலையை ஆட்டினார். பெரியப்பாவின் மேல் எனக்கு இருக்கிற கோபம் ஒரு பங்கு என்றால் சித்தப்பாவின் மேல் இருப்பது பத்துப் பங்கு.

இதெல்லாம் இன்றைய கோபம். அன்று ஒன்பது வயதில் எனக்கு இருந்த கோபமே வேறு. மடி கொடுப்பதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது என் தாய்மாமனை. என் அம்மாவின் சொந்தத் தம்பி, பழவேற்காட்டில் மீன் மொத்த வியாபாரம் செய்தவர், வரும்போதெல்லாம் எனக்கென்றே பட்டாணிப் பொட்டலம் கொண்டு வருகிறவர். அவரைத் தூக்கிச் சின்னவளுக்குக் கொடுக்கலாம் என்று யார் சொன்னது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

கிழவரின் கப்பல் திரும்பி வந்தது. சித்தி விடியும்போதே குளித்து, நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, "இன்னிக்கி சேதி வந்துடும்" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். ரயில் ஊதிய சத்தம் அடங்குவதற்குள் ஆசாரி வந்துவிட்டார். மாமா தாம்பாளத்தில் பட்டுப்பாவாடை, வாழைப்பழம், பூ எல்லாம் வைத்துக்கொண்டு வந்தார். நடுவில் சிவப்புக் கல் வைத்த கம்மல். எனக்கு அவர் போட்டது கல்லே இல்லாத வெறும் கம்மல். நான் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சின்னவள் மாமா மடியில் வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் திமிறினாள். "தலைய யாராச்சும் புடிங்கப்பா" என்றார் ஆசாரி. சித்தப்பா வந்து பிடித்தார். "அம்மா, அம்மா" என்று அது கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. பெரியப்பா ஒரு சின்ன ஜெபம் சொல்லி ஆசீர்வதித்தார். பாயசம் ஊற்றினார்கள். ஒரு பாரம் இறங்கிய மாதிரி எல்லோரும் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வழக்கமாகப் பொழுது சாய்ந்தபிறகு வருகிற சித்தி அன்று மதிய ரயிலிலேயே வந்துவிட்டாள். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தாள். உள்ளே வந்தாள். தாம்பாளத்தைப் பார்த்தாள். குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு வீங்கிய காதைக் காட்டி அழுதது. அம்மா, "நல்ல நேரம்னு... சொல்லிகினே இருந்தாங்க... கோச்சிக்காதம்மா" என்று என்னவோ குழறினாள்.

சித்தி தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். வலிக்காமல், மெதுவாக, ஒரு கம்மலைக் கழற்றினாள். அப்புறம் மற்றதை. இரண்டையும் புடவைத் தலைப்பில் துடைத்து என் மாமா முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"ஒங்க மேல ஒண்ணும் இல்லண்ணா. அந்த எடம் என் தம்பியோடது."

"குத்தின காத மூளியாக்கறியே, நீ இன்னா பொம்பள!" என்று பெரியப்பா கத்தினார். ஆசீர்வதித்ததை அவமதித்துவிட்டாள், வீட்டுக்கு ஆகாது, குடும்பத்துக்கு ஆகாது என்று அடுக்கினார். மாமா மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வெகு காலம் எங்கள் வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. சித்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். கொஞ்ச நாளில் காதுத் துவாரம் தூர்ந்துபோனது.

அதற்குப் பிறகு சித்தி துறைமுகத்துக்குப் போகவே இல்லை. மருந்து சுற்ற வந்த பேப்பரைப் பிரித்துப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். இதில்தான் பெரியப்பாவுக்கு வெற்றி. "ஒரே போடுல அவ கப்பல் பைத்தியத்த தெளிய வச்சேன்" என்று கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் சொல்லிக்கொண்டு திரிந்தார். சாகிறவரைக்கும் சொன்னார். அவள் காதில் விழும்படியே சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே அவருக்குச் சோறு பரிமாறினாள்.

என் மகளுக்குக் காது குத்திய அன்று பெரியப்பா உயிரோடு இல்லை, சித்தப்பாவும் இல்லை. விருந்து முடிந்து எல்லோரும் போனபிறகு சித்தியும் நானும் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தோம். ஏன் சித்தி, அதற்கப்புறம் துறைமுகத்துக்குப் போகவே இல்லையே என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

"அந்தக் கெழவரு அன்னிக்கி சேதி சொல்ட்டாரே" என்றாள். "யானெக்கு அடுத்த ரயில்ல ஏறி என் பின்னாலியே தேடிகினு வந்துகினு இருந்தானாம். வழியில வெசக் காய்ச்சலு. அந்த வருசமே பூட்டான்டி. நான் தேடிகினு இருந்ததெல்லாம் இல்லாத புள்ளைய."

ஏன் சொல்லவில்லை, சித்தப்பாவிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொல்லத்தான் ஓடியாந்தேன். வந்து பாத்தா எம் புள்ள தலைய புடிச்ச ஆளே அவருதான்னுச்சு கொழந்த." அடுத்த இலையை மடித்தாள். "அப்புறம் ஒங்க பெரிப்பாகிட்ட இன்னான்னு சொல்றது? 'அதான் அப்பவே சொன்னேனே'ன்னுவாரு. அத்த மட்டும் என்னால கேக்க முடியாதுன்னு வுட்டுட்டேன்."

ஒரு மனுஷி தன் தம்பி செத்த சேதியோடு ரயிலேறி வீடு வந்து சேர்ந்திருக்கிறாள். வீட்டில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வாய்விட்டு அழக்கூட அவளுக்கு அந்த வீட்டில் இடம் வைக்கவில்லை. அவள் அழுதால் அதுவும் அவர்களுடைய கணிப்புக்குச் சான்றாகிவிடும். நல்லவர்கள், எல்லோரும் நல்லவர்கள்.

அன்று எனக்கு இதொன்றும் தெரியாது. என் மாமாவை அவமானப்படுத்தி அனுப்பிவிட்டாளே என்று பல நாள் நான் சித்தியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் என்னிடம் பேசவில்லை. அவளுக்கும் என்மேல்தான் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.