ஏழாம் பக்கத்தின் முதுகு

பெண் மனசை ஊடுருவிப் பார்த்தவன் நான் என்று எனக்குக் கடிதங்கள் வரும். முன்பின் பார்த்திராத ஊர்களிலிருந்து முன்பின் பார்த்திராத ஆட்கள் எழுதுவார்கள். ஒரு ஆம்பிளைக்கு இதெல்லாம் எப்படி ஐயா எழுத வருகிறது என்று கேட்பார்கள். எப்படி வந்தது என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். கேட்டபிறகு அடுத்த கடிதம் போடுவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தர்மபுரியில் ஒரு அரசாங்க ஆபீசில் நான் குமாஸ்தா. காலையில் சைக்கிளில் போவேன், சாயங்காலம் சைக்கிளில் வருவேன், களியைத் தின்றுவிட்டு இலக்கியத்துக்கு உட்காருவேன். வெள்ளைத் தாள் வாங்கி எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. வசதியில்லை என்று வெளியே சொல்லிக்கொள்வேன், உண்மையில் கஞ்சத்தனம். ஆபீசில் சைக்ளோஸ்டைல் அடித்த சுற்றறிக்கைகள் கட்டுக் கட்டாக மிஞ்சும். ஒரு பக்கம் மங்கலாக எழுத்து, மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில்தான் நான் எழுத்தாளன் ஆனேன். என் முதல் நாவல் முழுக்க மாடுகளுக்குக் கோமாரி ஊசி போடும் முகாமின் முதுகில் எழுதியது. இரண்டாவது, கிணறு வெட்டக் கடன் பெறும் விதிமுறைகளின் முதுகில். அதன் காதல் அத்தியாயங்களுக்கு மட்டும் குடும்பக் கட்டுப்பாடு வாய்த்தது தற்செயல்தான். "கதையைவிட அதன் பின்பக்கம் விறுவிறுப்பாக இருக்கிறது" என்று பத்திரிகை ஆசிரியர் ஒருமுறை எழுதியிருந்தார். தமாஷ் பண்ணுகிறாராம்.

வீட்டிலும் இதே சட்டம்தான். ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற எந்தக் காகிதமும் என் சொத்து. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பிள்ளைகளின் பரீட்சைத் தாள், எதுவானாலும் என் தகரப் பெட்டிக்குள் வெள்ளைப்பக்கம் மேலே பார்க்கப் போய்விட வேண்டும். எழுதும்போது ஒவ்வொன்றாக உருவிக்கொள்வேன். முன்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று திருப்பிப் பார்த்ததே கிடையாது. பார்த்தால் கற்பனை கெட்டுவிடும் என்று அதற்கு ஒரு கொள்கை வேறு வைத்திருந்தேன். மடத்தனத்துக்குக் கொள்கை என்று பேர் வைத்துவிட்டால் அப்புறம் வீட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை. எங்கள் வீட்டிலும் கேட்கவில்லை.

என் மனைவி என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே டீச்சர் டிரெய்னிங் முடித்தவள். வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். மாட்டுக்குத் தண்ணி காட்டி, கடலைக்காய் உரித்து, இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, என் ஆத்தாளின் வாய்க்கும் பதில் சொல்லிக்கொண்டு காத்திருந்தாள். வயசு வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. "அடுத்த சித்திரையோட எனக்கு வயசு தாண்டிருங்க. அதுக்குள்ள ஒரே ஒரு தடவ கூப்புட்டாப் போதும், எப்பிடியும் வாங்கிருவேன்" என்பாள். சொன்னால் செய்கிறவள்தான். எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தால் அழும், அவள் சொல்லிக்கொடுத்தால் படிக்கும். தபால்காரர் தெருவில் திரும்பினால் முதல் ஆளாக வாசலில் நிற்பாள்.

அப்போது நான் சென்னை வாரப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். கதை என்ன தெரியுமா? படித்த பெண் ஒருத்தி, வேலைக்குப் போய்த் தன் காலில் நிற்கத் துடிக்கிறாள். அண்ணன்கள் இருவர் குறுக்கே நிற்கிறார்கள். அந்த அண்ணன்களை நான் வாராவாரம் கிழி கிழியென்று கிழித்தேன். ஆணாதிக்கத்தின் முகத்திரை என்றெல்லாம் எழுதினேன். அதை எழுதும்போது, "ஏய், காப்பி எங்க?" என்று உள்ளே பார்த்துக் கத்தியதும் நான்தான்.

ஒருநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும் வழியில் தபால்காரர் எதிரே வந்தார். கிளைத் தபாலாபீசில் அரை வேலை, மீதி நேரத்துக்கு அரை ஏக்கர் ராகி, அதுதான் அவர் பிழைப்பு. "சார், வூட்டுக்கு வந்தேன், பூட்டிக் கெடந்துச்சு. வூட்ல கடலக்காட்டுக்குப் போயிட்டாங்களாம். நீங்களே வாங்கிக்கறீங்களா?" என்று இரண்டு கவர்களை நீட்டினார். ஒன்று பத்திரிகையிலிருந்து. இன்னொன்று பழுப்புக் கவர், அரசாங்க முத்திரை. பத்திரிகைக் கவரை நடுரோட்டிலேயே கிழித்துப் படித்தேன். அடுத்த அத்தியாயம் வியாழக்கிழமைக்குள் வந்து சேர வேண்டுமாம். பழுப்புக் கவரின் மேலே யார் பேர் என்றுகூடப் பார்க்கவில்லை. நாள் முழுக்க ஆபீசில் பழுப்புக் கவரோடு மாரடிக்கிறவன், ரோட்டிலும் அதைப் படிப்பானா? வீட்டுக்கு வந்து கவரைக் கிழித்தேன். உள்ளே சைக்ளோஸ்டைல் தாள், பின்பக்கம் பால் மாதிரி வெள்ளை. நல்ல தாள் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு பெட்டியில் போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் எழுத உட்கார்ந்தேன். அந்த அத்தியாயத்தில்தான் நாயகிக்கு வேலைக்கான இன்டர்வியூ கடிதம் வர வேண்டும். ஆறு பக்கம் ஓடியது. ஏழாம் பக்கத்துக்குத் தாளை உருவி வைத்துக்கொண்டதும் பேனா நின்றுவிட்டது. கடிதம் கைக்கு வந்த நிமிஷத்தில் ஒரு பெண் என்ன செய்வாள்? பெண் மனசை ஊடுருவுகிறவனுக்குத் தெரியவில்லை. அடுப்படியில் இருந்தவளைக் கூப்பிட்டேன்.

"இந்தா, இன்டர்வியூ லெட்டர் வந்துச்சுன்னா நீ என்ன செய்வ?"

"வந்தாத்தானே தெரியும்."

"சும்மா சொல்லு. கதைக்குத்தான்."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "மொதல்ல நம்ப மாட்டனுங்க. பேரு என் பேருதானான்னு ரெண்டு மூணு தடவ படிப்பேன். அப்புறம் யாருக்கும் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் நான் மட்டும் வெச்சுக்குவேன். மாட்டுக்கிட்டப் போயிச் சொன்னாலும் சொல்லுவேன்." சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். "அந்தப் பச்சச் சீலைய இஸ்திரி போடோணும். கசங்கின சீலையோட போயி நிக்கக் கூடாது பாருங்க."

அடடா, என்ன அருமை! வார்த்தை சிந்தாமல் எழுதிக்கொண்டேன். மாட்டிடம் போய்ச் சொல்வதை மட்டும் கன்றுக்குட்டியாக மாற்றினேன், அதுதான் என் கலை. அவள் பக்கத்திலேயே நின்று நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் மேசையில் கிடந்தது. அதன் அடியில், மேசையோடு ஒட்டிக்கொண்டு, அவள் பேர் இருந்தது.

மறுநாள் ஆபீசுக்குக் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு ரயிலடி இருக்கிற மொரப்பூருக்குப் பஸ் ஏறினேன். ரயில் வண்டியிலேயே தபால் பெட்டி உண்டு; அதில் போட்டால் மறுநாளே சென்னை. என் மகனுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தபோதுகூட நான் லீவு போட்டதில்லை. கவரை என் கையாலேயே போட்டேன். வண்டி கிளம்பும்வரை நின்று பார்த்துவிட்டு, ஸ்டேஷனில் ஒரு டீயும் குடித்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்த ஏழாம் பக்கம் ஆபீஸ் முகவரிக்கே திரும்பி வந்தது. கூடவே ஆசிரியரின் சீட்டு: அச்சுக் கோத்தவர் பின்பக்கத்தைக் கவனித்துச் சொன்னாராம், ஏதோ நேர்முகத் தேர்வுக் கடிதம் போலிருக்கிறது, தேவைப்படுமோ என்று அனுப்புகிறாராம். திருப்பிப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் முதல்முதலாகத் திருப்பிப் பார்த்த தாள் அது. என் மனைவியின் பேர், பதிவு எண், வரவேண்டிய நாள். நாள் போய்ப் பத்து நாளாகியிருந்தது. தாளை மடித்து மறுபடி கவருக்குள்ளேயே போட்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் "என்ன சார், திருப்பி அனுப்பிட்டாங்களா?" என்று துக்கம் விசாரித்தார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேனா? சொல்லவில்லை. ஆபீஸ் மேசை டிராயரில், பழைய ரிஜிஸ்தருக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். அரசாங்கமே வரம் கொடுத்துவிட்டது. பூசாரி சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தான்.

சில வாரம் கழித்து என் மனைவி, தன்னோடு டிரெய்னிங் படித்த ஒருத்தியைச் சந்தையில் பார்த்திருக்கிறாள். இவளுக்குப் பின்னால் பதிந்தவள் அவள். சித்தேரி மலையில் பள்ளிக்கூடம் கிடைத்து, பஸ் ஏற மூட்டை கட்டிக்கொண்டிருந்தாளாம். என் மனைவி வீட்டுக்கு வரவில்லை, நேரே தர்மபுரிக்குப் போய் வேலைவாய்ப்பு ஆபீசில் கேட்டாள். அங்கிருந்த கிளார்க் ரிஜிஸ்தரைத் திருப்பிக் காட்டி, "அனுப்பிட்டமேம்மா" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் தபால்காரர் தெருவில் வந்ததும் சைக்கிளைப் பிடித்து நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையில்லை, ஆனாலும் நான் வீட்டில் இருந்தேன். என் கெட்ட நேரம், அன்றைக்குப் பார்த்துத் தீபாவளிக்கு முந்தின நாள் விடுமுறை.

"என் லெட்டர என்ன பண்ணுனீங்க? எங்க வீசுனீங்க?"

"அய்யோ, நான் ஏம்மா வீசறேன்! பழுப்புக் கவருங்களா? அது சார் கையிலதான் குடுத்தேன். ரோட்டுல வெச்சு. சார், சொல்லுங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தெருக்கோடி வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"அவருகிட்டக் குடுத்திருந்தா இந்நேரம் என் கையில இருக்கும். அவரு எழுதறவரு. துண்டுக் காயிதத்தக்கூடக் கீழ போடாத மனுசன். உங்களாட்டம் நெனச்சீங்களா?" என்றாள் அவள்.

என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தபால்காரர் என்னை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். எதிர்த்துப் பேசினால் அவருக்கு அந்த அரை வேலையும் போய்விடும்.

அவள் உள்ளே வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது, அழவில்லை. "ஏங்க, மேல ஆபீசுக்கு ஒரு பெட்டிஷன் எழுதுங்க. அந்த ஆளு வேலையில இருக்கக் கூடாது. நீங்க எழுதினா ஊரே படிக்குது, அவங்க படிக்க மாட்டாங்களா?" என்றாள். பிள்ளையின் நோட்டிலிருந்து இரண்டு பக்கமும் வெள்ளையான ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தாள்.

நானும் பேனாவை எடுத்தேன். இதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. பேனாவை எடுத்து, "மதிப்பிற்குரிய ஐயா" என்று எழுதியும் விட்டேன். கை நன்றாகத்தான் ஓடியது. எந்தச் சொல் போட்டால் அந்த ஏழையின் வேலை போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தொழிலாச்சே. இரண்டாவது வரியில் அவர் பேரை எழுத வேண்டிய இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். எழுந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு தர்மபுரிக்குப் போனேன். வாட்ச்மேனிடம் கெஞ்சி ஆபீசைத் திறக்கச் சொல்லி, டிராயரிலிருந்த தாளை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன்.

முன்பக்கத்தைப் படித்தாள். பேர் தன் பேர்தானா என்று விரலை வைத்து இரண்டு மூன்று தடவை படித்தாள். பிறகு திருப்பி என் கையெழுத்தைப் படித்தாள். கன்றுக்குட்டி வரைக்கும் படித்தாள். நான் காலில் விழத் தயாராக நின்றுகொண்டிருந்தேன், வசனம்கூட யோசித்து வைத்திருந்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"மொதல்ல போயி அந்தத் தபால்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. அப்புறம் வூட்டுக்குள்ள வாங்க" என்றாள்.

போய்க் கேட்டேன். ராகிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "பரவால்லீங்க சார், எழுதறவங்களுக்கு ஆயிரம் நெனப்பு" என்றார். அவர் திட்டியிருக்கலாம்.

தீபாவளி கழிந்ததும் அவள் பச்சைச் சீலையைக் கட்டிக்கொண்டு, அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி வேலைவாய்ப்பு ஆபீசுக்குப் போனாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவளிடம் என்ன ஆச்சு என்று கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டே அவளே சொன்னாள்.

அந்தக் கிளார்க் முன்பக்கத்தைப் பார்த்து, நாள் தாண்டிவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை, இனி உங்கள் முறை வருவதற்குள் வயசு தாண்டிவிடும் என்று சொல்லிவிட்டாராம். சும்மா திருப்பியவர் பின்பக்கத்தைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாராம். "இந்தத் தொடர்கதை எழுதறவரு உங்க வூட்டுக்காரரா! எங்க வூட்ல எல்லாரும் படிக்கறமே! குடுத்து வெச்சவங்கம்மா நீங்க!" என்று நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு மட்டும் சொல்லுங்கம்மா. அண்ணனுங்க அத்தனை தடுத்தும் அந்தப் பொண்ணு கடைசியில வேலைக்குப் போயிருவாளா?" என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"போயிருவாளுங்க, அவளுக்குப் புருசன் இல்லீங்களேன்னு சொன்னேன்" என்றாள்.