கல்லறைப் புல்லுக்கு மருந்து

கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, என் கொழுந்தனார் முதுகில் மருந்து டேங்கை மாட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குள் வந்தார். எனக்கு வந்ததே ஒரு கோபம்!

போடியில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிற எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இது பழக்கமாகவே போய்விட்டது. ஐப்பசி மழையில் கல்லறைகளின்மேல் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிடும். திருநாளன்று சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அதற்குள் சுத்தம் பண்ணியாக வேண்டும். மலையில் களைக்கு அடிக்கிற மருந்தையே கொண்டுவந்து அடித்துவிட்டால் எல்லாம் கருகிக் கிடக்கும். வேலை முடிந்தது.

என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம். சிமெண்ட் பூச வேண்டாம், மண்மேடாகவே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். அதில் தானாகத் தும்பை முளைத்தது. காலையில் போனால் தேனீ மொய்க்கும். தேனீ வராவிட்டால் ஏலப்பூ காய் பிடிக்காது. அது தெரிந்தே மலையில் மருந்தடிக்கிறோம், எங்கள் பிழைப்பு அப்படி. இந்த ஆறடி மண்ணிலாவது ஒரு சொட்டு விழக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். வழியை மறித்து நின்றேன்.

"தம்பி, டேங்கை இறக்குங்க."

"ஒரு நிமிச சோலி மதினி. பக்கத்துல எல்லாரும் அடிச்சாச்சு. அண்ணனோடது மட்டும் காடா கெடந்தா ஊரு என்னையத்தான காறித் துப்பும்?"

"துப்பட்டும். மருந்தடிச்ச எடத்துல சாமியார் தீர்த்தம் தெளிக்கணுமாக்கும்? ஆண்டவர் மொளைக்க வச்சதைக் கருக்கிட்டு, அங்கனயே நின்னு ஜெபம் வேற! நல்லாருக்கு உங்க பக்தி."

"ஏலத்துக்கு அடிக்கையில மட்டும் ஆண்டவர் கண்ணை மூடிக்கிட்டாரா?"

சுருக்கென்றது. அவர் கேட்டதில் தப்பில்லை.

"அது வயித்துப்பாடு தம்பி. இது எதுக்கு? கையால பிடுங்குனா ஆகாதா? உங்க அண்ணன் ஆயுசு பூரா அந்த வாடையிலதான கெடந்தாரு. இப்பயாவது விடுங்களேன்..." அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன்.

அவர் டேங்கைக் கழற்றி வேலியோரம் வைத்தார். மேட்டுக்குப் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். அடக்கம் முடிந்த பிறகு அவர் இவ்வளவு கிட்டத்தில் வந்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் வாசலோடு நின்று சிலுவை போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். தும்பையை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் எப்படிப் பிடுங்குவது என்று காட்டினேன். அவரும் ஒரு பிடி புல்லைப் பற்றி இழுத்தார். வேரோடு ஈரமண்ணும் சேர்ந்து வந்தது. அதைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

"நின்னமானிக்கே அடிச்சிட்டு வெரசா போயிரலாம்னுதான் மதினி கொண்டாந்தேன்" என்றார். "உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்."