பூக்கவிட்ட பதினொரு மரங்கள்

1956 பெப்ரவரி, வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்குக் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினேன். கையில் இருந்தவை: மரப்பெட்டியில் எட்டுக் கண்ணாடிப் புட்டிகள், அளவுநாடா, நோட்டுப் புத்தகம், பென்சில் மூன்று, குடை ஒன்று. குடை கடைசிவரை தேவைப்படவில்லை.

குடிநீரைச் சோதிக்கும் அரசாங்க ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கிறேன். வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தின் ஊற்றுநீரில் தார் எண்ணெய் நாற்றம் அடிப்பதாகக் கடிதம் வந்திருந்தது. யுத்த காலத்தில் அந்தச் சரிவில் பட்டாளம் முகாமிட்டுக் குண்டெறிந்து பழகியதாம். போகும்போது ஏதோ பீப்பாய்களை மண்ணில் புதைத்துவிட்டுப் போனதாம்.

பகல் பதினொன்றரைக்கு வட்டவளை. நிலையத்தருகே ஒரு பிளேன்டீ, ஐந்து சதம். ஊற்றைக் காட்ட முத்தாயி என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணைத் தோட்டத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். மூன்று மைல் ஏற்றம். இடுப்புயரத் தேயிலைக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக மரங்கள் வெள்ளைப் பூக்களோடு நின்றன. என்ன மரம் என்று கேட்டேன்.

“தேயிலதான் மிஸ்ஸி. கொழுந்து எடுக்காம விட்டா மரமாயிரும்.”

“ஏன் எடுக்கல?”

“மேல போயி சொல்றேன். இப்ப மூச்சு வாங்குது.”

ஒன்றேகால் மணி. ஊற்றுக்குப் போகும் பாதையோரம், புதிதாக வெட்டிய அடிமரம் ஒன்று மேசைபோல் சமமாக இருந்தது. பெட்டியை வைக்க நல்ல இடம் என்று பாதையை விட்டு இறங்கினேன்.

“அடியே! நவுராதடி! பெட்டிய வைக்காத!”

முத்தாயியின் குரல்தான். அப்படியே நின்றேன்.

“வந்த தடத்துலயே கால வச்சுத் திரும்பி வா.”

ஆறு எட்டுகள். பாதைக்கு வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அடிமரத்தைக் காட்டினாள். அதன் வேரில், பெரணிச் செடிக்குள், துருப்பிடித்த இரும்பு ஒன்று. பின்புறம் மீன்வால் போன்ற தகடுகள்.

பக்கத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். “கொழும்பு மிஸ்ஸிய அடியேன்னுட்டாளே! நாளைக்குப் பெரட்டுல இவளுக்குப் பேரு விழுமா?” பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பெயர் பதியும் இடம். முத்தாயி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு அவள் சொன்ன கதை இது: பட்டாளம் போன மறுவருஷம் இங்கே மண்ணைக் கிளறும்போது குண்டு வெடித்து அவள் அண்ணனுக்கு ஒரு கால் போயிற்று. அன்றிலிருந்து, இரும்பைக் கண்டால் அதற்கு மிக அருகிலுள்ள செடியில் பெண்கள் கொழுந்து எடுப்பதில்லை. செடி மரமாகும், பூக்கும். அந்த நிரையில் யாரை விட்டாலும் கிட்டப் போகமாட்டார்கள். கொழுந்தை விட்டதற்காக அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், எத்தனையோ முறை வாங்கியிருக்கிறார்கள்.

ஒரு மாதத்துக்கு முன் புதிதாக வந்த கண்டாக்கு, அதாவது வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், மலை அலங்கோலமாக இருக்கிறதென்று பாதையோர மரத்தை முதலில் வெட்டச் சொன்னார். வெட்டியவர் பிழைத்தது பெரும் புண்ணியம். மற்றவற்றை வரும் திங்கட்கிழமை வெட்ட வேண்டும். வரப்போகிறவர்கள் தோட்டத்தின் வேறு டிவிசன் ஆட்கள். பூவின் பொருள் தெரியாதவர்கள்.

“மேல யாருக்கும் சொல்லலையா?”

“சொன்னோமே. கங்காணிகிட்ட நாங்க சொன்னோம், கணக்கப்பிள்ளைகிட்ட அவரு சொன்னாரு. மேல போகப் போகக் குண்டு சின்னதாயிருச்சு மிஸ்ஸி.”

புட்டிகளைப் பாதையிலேயே வைத்துவிட்டு நோட்டைத் திறந்தேன். பெண்கள் அவரவர் நிரையின் தலைப்பில் நின்று, இத்தனையாவது செடி என்று கூவினார்கள், நான் குறித்துக்கொண்டேன். இரண்டு மணி நேரத்தில் வரைபடம் முடிந்தது. பூத்த மரங்கள் பதினொன்று. வெட்டிய மரம் ஒன்று.

நாலு மணிக்குக் கண்டாக்கிடம் காட்டினேன். “பொம்பளைங்க வேலை செய்யாம இருக்கக் கட்டின கதைங்க இது,” என்றார்.

“நான் பெட்டிய வைக்கப் போன இடத்த மட்டும் வந்து பாருங்க.”

வந்தார். பாதையில் நின்றபடி குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு முத்தாயியிடம், “நான்தானே வெட்டச் சொன்னேன்,” என்றார். அலுவலகத்துக்குப் போய்ப் பொலிசுக்கு டெலிபோன் செய்தார். திங்கட்கிழமை வேலை நின்றது.

தோட்டத்து டிஸ்பென்சரி வீட்டில் இரவு தங்கினேன். சனிக்கிழமை காலை முத்தாயி வேறு வழியாக ஊற்றுக்கு அழைத்துப்போனாள். நீரின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய் மிதந்தது. எட்டுப் புட்டிகளும் நிறைந்தன. நிலையம்வரை பெட்டியை அவளே சுமந்தாள்; நான் கேட்டும் தரவில்லை.

“அடுத்த தடவ வந்தீங்கன்னா பூவு இருக்காது மிஸ்ஸி.”

“வருத்தமா?”

“வருத்தமா! நிம்மதியாக் கொழுந்து எடுப்போம்.”

ஊற்றுநீர் குடிக்க உதவாது என்று எழுதி, மேலேயுள்ள ஓடையிலிருந்து குழாய் போடச் சொன்னேன்; போடுகிறார்கள். கண்டாக்கிடமிருந்தும் கடிதம் வந்தது. பட்டாளத்தார் வந்து தோண்டினார்களாம். பன்னிரண்டு இடத்திலும் குண்டு இருந்ததாம். ஓரிடத்தில்கூடப் பெண்கள் தவறவில்லையாம்.

கொழும்பில் எல்லோரும் என்னை மரியாதையாகத்தான் அழைக்கிறார்கள். தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்கும்போது சில நாள் கை தானாக நின்றுவிடுகிறது. அப்போதெல்லாம் என்னை ‘அடியே’ என்று கூப்பிட்டவளை நினைத்துக்கொள்கிறேன்.