சதுப்பு நிலத்துக்கு ஒரு திறப்பு விழா

போன புதன்கிழமை நுவரெலியாவில் ஒரு சகதிக்கு ரிப்பன் வெட்டினார்கள். நம்புங்கள், நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டுத்தான் வந்தேன்...

மரக்கறிச் சந்தைக்குப் பின்னால் இருக்கிறதே, அந்தச் சதுப்பு நிலம்தான். அரிசிக்கு கியூவில் நின்ற எழுபதுகளில், இதே அரசாங்கக் கந்தோர் அதிகாரிகள் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்து உருளைக்கிழங்கு போட்டார்கள். கிழங்கு அழுகியது. போட்டது போட்டபடி போய்விட்டார்கள். கால்வாய் தூர்ந்தது, தண்ணீர் திரும்பியது, கோரை முளைத்தது, நீர்க்கோழி வந்தது. எதுவும் இவர்களிடம் பர்மிட் கேட்கவில்லை.

இப்போது மேடையில் பெரிய அதிகாரி முழங்குகிறார் — "இதை நாங்கள் மீட்டெடுத்தோம்!"

எப்படி ஐயா? எட்டிப் பார்க்காமல் இருந்தா?

சுற்றிலும் முள்கம்பி. உள்ளே வரத் தடை, புல் அறுக்கத் தடை என்று ஒரு போர்டு. கம்பிக்கு வெளியே அரிவாளும் சாக்குமாக நின்றிருந்தார் செல்லம்மாக்கா. (நிஜப் பெயர் அல்ல. காரணம் பிறகு தெரியும்.) பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். வேலை விட்டதும் தன் மாட்டுக்கு இங்கேதான் புல் அறுப்பார். வேறு இடம் ஏது? மிச்சமெல்லாம் தேயிலை.

அதிகாரி மரம் நட இறங்கினார். வரிசையாக யூக்கலிப்டஸ் கன்றுகள்! எனக்கே திக்கென்றது. செல்லம்மாக்கா சிரித்தேவிட்டார்.

"ஐயா, எங்க தோட்டத்துல சொதசொதன்னு எடம் இருந்தா தொரை இந்த மரத்தத்தான் நடச் சொல்லுவாரு. தண்ணியெல்லாம் உறிஞ்சி காய வச்சிரும். அப்புறம் புல்லு ஏதுங்க? எம் மாடு எங்க போகும்?"

நான் சிங்களத்தில் எடுத்துச் சொன்னேன். அதிகாரி புன்னகைத்தார். "அவருக்குப் புல்லுக் கவலை. நாங்கள் படித்துவிட்டுத்தான் செய்கிறோம்."

என்னத்தைப் படித்தாரோ! தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே எல்லோருக்கும் தெரிகிற விஷயம், இவருக்கு மட்டும் எட்டவில்லை. சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற அதைக் காயவைக்கிற மரம்... எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போனேன். வெறும் குழிகள். ஒரு கன்றையும் காணோம். செல்லம்மாக்கா புல்லுக்கட்டோடு எதிரே வந்தார். கட்டை இறுக்கியிருந்தது விழா ரிப்பன்.

"கன்றெல்லாம் எங்கேக்கா?"

"எம் மாடு தின்னுருச்சுங்க. கம்பிக்குள்ள பூந்துருச்சு, என்னா செய்ய?"

முகத்தில் ஒரு சலனம் இல்லை. விசாரிக்க வந்த அதிகாரியும் அதையே ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டு போனாராம்.

அவர் தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன் — யூக்கலிப்டஸ் இலையை எந்த மாடும் முகர்ந்துகூடப் பார்க்காது.