அத்தைக்குக் காய்ச்சல்

ஐந்து வயதில் எனக்குப் பொய் சொல்லப் பழக்கியவள் அம்மா. ஒரே ஒரு பொய்தான்: "அத்தைக்குக் காய்ச்சல்." யார் கேட்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டும் என்றாள்.

அப்பாவின் தங்கையான அத்தை, மவுண்ட் ரோடில் ஒரு கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அங்கே பெண்கள் கல்யாணம் ஆனதும் வேலையிலிருந்து விலகிவிட வேண்டும். சேரும்போதே அதற்குக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. வேலையை விட அவளுக்கு மனசில்லை. மாப்பிள்ளையும் விடச் சொல்லவில்லை. குறுக்கே நின்றவர் அப்பா ஒருவர்தான். அவர் வக்கீல் குமாஸ்தா; கையெழுத்து விழுந்த காகிதம் அவருக்கு வேதம்.

"வேலை அவங்களுது. யாரை வெச்சுக்கறதுன்னு அவங்கதான் முடிவு பண்ணணும். நீ படிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டே?"

"போடலேன்னா வேலையே இல்லையே அண்ணா. தாலி கட்டினா விரல் டைப் அடிக்காதா?"

ஒரு மாதம் இப்படியே போனது. கடைசியில் அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். தானாகப் போய்ச் சொல்ல மாட்டாராம். யாராவது நேரில் கேட்டால் மறைக்கவும் மாட்டாராம்.

அபிராமபுரத்து வீட்டிலேயே சிக்கனமாகக் கல்யாணம். காய்ச்சல் என்று அத்தை மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். நான் பால்காரரிடம் சொன்னேன், பூக்காரியிடம் சொன்னேன், நாதஸ்வரக்காரரையும் விடவில்லை. "இன்னா பாப்பா, காய்ச்சலுக்கா மேளம் வாசிச்சிக்கினு கீறோம்?" என்றார் அவர். சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாகிவிட்டது. கல்யாணம் என்றால் கூடவே காய்ச்சலும் வரும் என்று நம்பிவிட்டேன்.

தாலி கட்டி முடிந்த சற்று நேரத்தில் வாசலில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. இறங்கியவர் ஆபீசில் அத்தைக்கு மேலதிகாரி. எல்லாருக்கும் அவர் மிஸ். அத்தை உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வாசலில் கட்டியிருந்த இரண்டு வாழை மரங்களுக்கு நடுவே போய் நான் வழி மறித்தேன்.

"அத்தைக்குக் காய்ச்சல்."

மிஸ் வாழைக்குலையைப் பார்த்தார், என் பட்டுப் பாவாடையைப் பார்த்தார். "எப்பலேர்ந்து?"

"காலையிலே ஒம்பது மணிக்கு. நல்ல நேரம் பார்த்துத்தான் வந்துது."

அப்பா வந்தார். "உங்க தங்கைக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று மிஸ் நேராகவே கேட்டார். மேளம்கூட நின்றுவிட்டது. அப்பா பந்தி நடந்த பக்கம் கையைக் காட்டினார்.

"முதல்லே சாப்பிடுங்க. பாயசம் ஆறிடும்" என்றார்.

மிஸ் சாப்பிட்டார். இரண்டாம் தரம் பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டார். கிணற்றடியில் அவர் கை கழுவ நான்தான் தண்ணீர் ஊற்றினேன். குனிந்தபோது ரவிக்கைக்குள்ளிருந்து நிறம் மங்கிய மஞ்சள் கயிறு ஒன்று நழுவி வந்தது. சட்டென்று உள்ளே தள்ளிக்கொண்டார்.

போகும்போது அப்பாவிடம், "திங்கட்கிழமை வரச் சொல்லுங்க. கழுத்தை நல்லா மூடிக்கிட்டு வரச் சொல்லுங்க, ஆபீசிலே காத்து ஜாஸ்தி" என்றார். சாப்பாட்டுக்கு முன்னால் கேட்ட கேள்விக்குச் சாப்பிட்ட பின்னால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பது அப்பாவின் கட்சி. வீடே சிரித்தது, அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

அம்மா கழுத்தில் தங்கச் சங்கிலிதான் பார்த்திருக்கிறேன். அதனால் மஞ்சள் கயிறு காய்ச்சலுக்குக் கட்டுவது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அடுத்த வாரம் அத்தை வந்ததும் கேட்டேன்: "மிஸ்ஸுக்குக் காய்ச்சல் விட்டுதா? அவங்களும் உன்னை மாதிரி கயிறு கட்டிட்டிருந்தாங்களே."

அத்தை ஒரு கணம் விழித்தாள். பிறகு என் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "விடவே வேணாம்டி, நூறு வருஷம் இருக்கட்டும். நீ மட்டும் யார்கிட்டேயும் சொல்லிடாதே."

அவ்வளவு பாயசம் சாப்பிட்ட நல்ல மனுஷிக்கு நூறு வருஷம் காய்ச்சலா? இப்படியும் ஒரு கல்மனசா என்று சாயங்காலம் வரை நான் அத்தையோடு பேசவில்லை.