புதுத்தண்ணி குடித்த கடல் நத்தை

நான் செய்த ஒரே கொலையை விருந்தோம்பலாகத்தான் செய்தேன். அப்போது எனக்கு எட்டு வயது. செத்தது ஒரு கடல் நத்தை.

ஆடி அமாவாசைக்குக் கோடியக்கரையில் முழுக்குப் போட்ட கையோடு, வலை உதறிக்கொண்டிருந்தவர்களிடம் அக்கா அதைக் கேட்டு வாங்கினாள். கட்டைவிரல் நீளம்; முதுகில் ஓடு கிடையாது. நீல உடம்பில் கருப்புக் கோடுகள், சுற்றிலும் மஞ்சள் கரை, பின்பக்கம் பூங்கொத்து மாதிரிச் செவுள். எங்கள் குடும்பத்துக் கல்யாணப் புடவை எதுவும் அந்த அழகில் இருந்ததில்லை. கண்ணாடி ஜாடியில் கடல் தண்ணீர் பிடித்து, ஊர் வரும்வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தாள்.

அக்கா பிளஸ் டூ முடித்திருந்தாள். கடலோர ஊரில் விடுதியில் தங்கி, கடல் உயிர்களைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று ஒரு மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அதுவரை மசியாத அப்பா, ஜாடியருகே குனிந்து, "இது என்னம்மா சாப்பிடும்?" என்றார். சீட்டே கிடைத்துவிட்ட மாதிரி அக்கா சிரித்தாள்.

எங்கள் ஊர் காவிரியின் கடைமடை. உப்பு எங்களுக்குச் சத்துரு. கடல் தண்ணீர் ஏறி வந்தால் நாற்று கருகிவிடும். அப்பா அதை வைத அளவுக்குப் பங்காளிகளைக்கூட வைததில்லை. அந்த விஷத்திலா இவ்வளவு அழகான பிராணியை அடைத்து வைப்பது? எனக்கு மனசு கேட்கவில்லை. வாய்க்காலில் புதுத்தண்ணி வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. மறுநாள் காலை, அதை அப்பாவின் வேட்டியில் வடிகட்டி, ஜாடித் தண்ணீரை மாற்றினேன். நத்தை சுருண்டது. சுகமாகத் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் கூழாகக் கிடந்தது.

"ஒரு பூச்சிய ஒரு நாள் வச்சுக்கத் தெரியல. இவ போயி கடலப் படிக்கப் போறாளாம்!" என்றார் அப்பா.

அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். ஜாடியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். கடைசியில் மன்னார்குடியில் பி.காம். சேர்ந்தாள். அன்று அவள் நத்தைக்காகத்தான் அழுகிறாள் என்று நம்பி, வேறொன்று பிடித்துத் தருவதாகத் தேற்றினேன். வாய்க்காலில்.

நாற்பது வருஷம் கழித்து, போன மாதம் அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, ஒருவழியாக உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்டா. அன்னிக்கே ஜாடித் தண்ணியில விரல விட்டு நாக்குல வச்சுப் பாத்தேன். உப்பே இல்ல."

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமேக்கா?"

"உன் தோலை உரிச்சிருப்பாரு."

அப்புறம் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இதுலயும் இல்ல. அந்த உப்ப இப்படித் தள்ளு."